கணக்கில் வராத இருபத்தேழு நிமிடம்

செவ்வாய்க்கிழமை, காலை மணி 9.40

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியமாக இருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன். எந்த அளவுக்குச் சௌக்கியம் என்பது கீழே போகப் போகத் தெரியும். அங்கே தாங்களும், காலில் கட்டோடு படுத்திருக்கும் என் மகள் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அத்தையின் நலத்தைப் பற்றித் தனியாகவே விசாரிக்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் யோசிக்கலாம். காரணம் இருக்கிறது. உங்கள் போனுக்கு நான் எதை அனுப்பினாலும் பாப்பா படித்துவிடுகிறாள், படித்த கையோடு அவளுடைய அம்மாவுக்கு உரக்க வாசித்தும் காட்டிவிடுகிறாள். பேசலாம் என்றால், நீங்கள் போனை எடுத்ததும் அதை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நல்ல எண்ணம்தான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது மூன்று பேர் கேட்கும்படியான விஷயம் இல்லை. ஆகவே உங்கள் அலுவலக முகவரிக்கு இதை அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடவும்.

மாப்பிள்ளை, நான் பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தைத் தாண்ட வேண்டும் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. பணிமனையில் எனக்கு 'நிமிஷம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இப்படிப்பட்டவன் கையில், பாப்பா படியில் விழுந்து கால் உடைந்துவிட்டது, வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன், அத்தை உடனே வர வேண்டும் என்று சொல்லி, நீங்கள் ஒரு விமான டிக்கெட்டை அனுப்பிவைத்தீர்கள். அவசரத்தில் செய்த உதவி, அதற்கு ஆயுளுக்கும் நன்றி. ஆனால் அந்த டிக்கெட்டில் என்ன போட்டிருந்தது? வியாழக்கிழமை காலை 11.10-க்கு இங்கே கிளம்புகிறது. அதே வியாழக்கிழமை மாலை 6.10-க்கு உங்கள் ஊரில் இறங்குகிறது. ஏழு மணி நேரம். சரி, தூரம் எவ்வளவு என்று போனில் தேடினேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே 9,240 கிலோமீட்டர் என்று வந்தது. தூரத்தை நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு ஆயிரத்து முன்னூற்று இருபது கிலோமீட்டர்! சத்தம்கூட அவ்வளவு வேகமாகப் போகாதாம், அதையும் தேடிப் பார்த்துவிட்டேன். உங்கள் அத்தை 'ஐயோ' என்று கத்தினால் அந்த 'ஐயோ' பின்னால் வரும், அவள் முன்னால் போய்விடுவாள்.

தெருமுனையில் டிராவல்ஸ் வைத்திருப்பவரிடம் ஓடினேன். அவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "சார், அங்க அஞ்சரை மணி நேரம் வித்தியாசம் இருக்குல்ல, அதைச் சேர்த்துப் பாருங்க" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. நேரத்திலேயே பிழைத்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று, வீட்டுக்கு வந்து, காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, அந்த ஐந்தரை மணியைக் கழித்தேன். சேர்க்கச் சொன்னார், நான் கழித்துவிட்டேன். பதற்றத்தில் கை எந்தப் பக்கம் போகிறது என்றா தெரிகிறது? பயண நேரம் ஒன்றரை மணி என்று வந்தது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில்! நான் மறுபடியும் ஓடினேன். அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தானே கூட்டிக் காட்டினார். பன்னிரண்டரை மணி நேரம். "இப்ப நிம்மதியா, சார்?" என்றார். நிம்மதிதான். வீட்டுப் படி ஏறும் வரைக்கும் நிம்மதி.

படி ஏறும்போதுதான் ஞாபகம் வந்தது. தூரம் சொன்ன அந்த இணையப் பக்கத்திலேயே கீழே பயண நேரமும் போட்டிருந்தது. மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஏறி இறங்க அரை மணி சேர்த்து, மொத்தம் பன்னிரண்டு மணி மூன்று நிமிடம். டிக்கெட்டில் பன்னிரண்டு மணி முப்பது நிமிடம். மீதி இருபத்தேழு நிமிடம் எங்கே போயிற்று? மாப்பிள்ளை, சிரிக்காதீர்கள். பணிமனையில் ஒரு வண்டி ஏழு நிமிடம் பிந்தி வந்தாலே டிரைவர் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். இருபத்தேழு நிமிடம் என்றால் வண்டி எங்கேயோ நின்றிருக்கிறது. சாலையில் நின்றால் டீக்கடை இருக்கும். வானத்தில் எங்கே நிற்பது? மூன்றாவது முறையாக டிராவல்ஸுக்குப் போனேன். அவர் எதிர்க்காற்று என்றார். வரும்போது அதே விமானம் பதினொன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடும் என்று வேறு சொன்னார். போகிற வழியும் வருகிற வழியும் ஒரே நீளம்தானே என்று கேட்டேன். "வழி ஒண்ணுதான் சார், காத்து ஒண்ணு இல்லையே" என்றார். நாலாவது முறை போனபோது கதவில் 'மூடப்பட்டுள்ளது' என்று அட்டை தொங்கியது. உள்ளே அவர் மேசைக்கு அடியில் குனிந்திருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மனுஷன் எதையோ தேடிக்கொண்டிருந்திருப்பார். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் வரைபடத்தில் வேறொரு வினை. பாப்பா பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய உலகப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, இந்த ஊருக்கும் உங்கள் ஊருக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்தேன். பதினோராயிரம் கிலோமீட்டர் வந்தது. போனில் காட்டும் விமானப் பாதையோ நேராகப் போகாமல் வடக்கே வளைந்து, பனி மலைகளுக்கு மேலே ஏறி, பிறகு இறங்கி வருகிறது. நேர் வழியைவிடச் சுற்று வழி எப்படிக் குறைவாக இருக்கும்? கணக்கில் எங்கோ மோசடி இருக்கிறது என்று நான் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த உங்கள் அத்தை எழுந்தாள். சமையலறைக்குப் போய் ஒரு தர்பூசணியைத் தூக்கிவந்தாள். துணியில் கோடு போடும் சாக்கட்டியால் அதில் இரண்டு புள்ளி வைத்தாள்.

"இது நாம. இது பாப்பா வீடு. இந்தாங்க, டேப்பைப் பிடிங்க."

பிடித்தேன்.

"இப்ப இழுத்துப் பிடிங்க. டேப் எங்க போகுது பாத்தீங்களா? தானா மேல ஏறுதா? அதுதான் கிட்டத்து வழி. உருண்டையா இருக்கிறதைப் போய் ஸ்கேல் வெச்சு அளக்கிறீங்களே! நான் இத்தனை வருஷமா ஆளுங்க இடுப்பை ஸ்கேல் வெச்சா அளந்தேன்?"

எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். பிறகு அந்தத் தர்பூசணியை அறுத்து இருவரும் சாப்பிட்டோம். நான்தான் சும்மா இருக்காமல், "அப்ப அந்த இருபத்தேழு நிமிஷம்?" என்று கேட்டுவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் பெட்டியில், பனி மலைக்கு மேலே போவதால் இருக்கட்டுமே என்று நான் வைத்த இரண்டு ஸ்வெட்டரும் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். பதினொன்று பத்துக்கு விமானம். ஐந்து மணிக்கே அவளை வீட்டைவிட்டுக் கிளப்பிவிட்டேன். விமான நிலையத்தில் தரை துடைப்பவர்களும் நாங்களும்தான். பாதுகாப்புக்காரர் இவ்வளவு சீக்கிரம் உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட, வாசலில் இருந்த இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ஒரு கெட்டித் தாளில் பதினாலு வரியில் அட்டவணை எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு வரியிலும் இங்கத்து நேரம், அங்கத்து நேரம், கடந்த தூரம், மிச்சத் தூரம். அவளுக்குப் புரியட்டும் என்று மூன்று முறை வாசித்துக் காட்டினேன். அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் என்னை விட்டு ஒரு ராத்திரிக்கு மேல் தங்கியது இல்லை, மாப்பிள்ளை. விமானத்தில் ஏறியதும் இல்லை. அவளுக்குப் பயமாக இருந்திருக்கும் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ஒன்பதாவது வரியில் ஒரு கூட்டல் உதைத்துக்கொண்டிருந்தது.

எட்டரை மணிக்கு மேல் உள்ளே விட ஆரம்பித்தார்கள். அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பாகிட்ட என்னங்க சொல்லட்டும்?"

"நீயே ஏதாவது சொல்லிக்க. உள்ள போனதும் அந்த விமானப் பொண்ணுகிட்ட இருபத்தேழு நிமிஷம் என்னாச்சுன்னு மறக்காம கேளு."

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாமா?"

"உனக்கென்ன? எல்லாம் தாள்ல எழுதியிருக்கு. நேரமாச்சு, போ, போ."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. "முப்பத்தோரு வருஷமா பஸ்ஸை அனுப்பினீங்க. ஒரு ஆளை அனுப்பத் தெரியலையே உங்களுக்கு" என்றாள். உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு மூடியது. மணி எட்டு ஐம்பத்திரண்டு.

வீட்டுக்கு வந்தேன். விமானம் எங்கே பறக்கிறது என்று போனில் காட்டும் ஒரு ஆப்பை டிராவல்ஸ்காரர் எனக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். "இதைப் பாத்துக்குங்க சார், இனிமே நீங்க நடந்து வர வேண்டிய அவசியமே இல்ல" என்றும் சொல்லியிருந்தார். நல்ல மனுஷன். பதினொன்று பன்னிரண்டுக்கு ஒரு சின்ன மஞ்சள் விமானம் படத்தில் கிளம்பியது. நான் சமைக்கவில்லை, குளிக்கவில்லை. மேசைமேல் போனை நிறுத்தி வைத்து எதிரில் உட்கார்ந்து, அட்டவணையின் நகலில் வரி வரியாக டிக் போட்டேன். நாலு வரி அச்சு பிசகாமல் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. நம்பினால் நம்புங்கள், அந்த இருபத்தேழு நிமிடத்தைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றிய நேரம் அது. மூன்று முப்பத்தைந்துக்கு மஞ்சள் விமானம் மூக்கைத் திருப்பியது.

முதலில் என் கண்தான் சரியில்லை என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். திரும்பியது திரும்பியதுதான். உயரம் குறைய ஆரம்பித்தது. முப்பத்தாறாயிரம் அடி, முப்பதாயிரம், இருபத்திரண்டாயிரம். வேகம் குறைந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து, "ஏய், ஏய்" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். நாலேகாலுக்கு வேகம் பூஜ்யம் என்று காட்டியது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. விமானம் இருந்த இடத்தில் ஒரு ஊரின் பெயரும் ஒரு புள்ளியும். என் பதினாலு வரியில் அந்த ஊரே கிடையாது.

எந்தச் செருப்பைப் போட்டேன் என்று தெரியாது. இரண்டு காலுக்கும் இரண்டு விதமாக இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். வாடகைக் காரில் ஏறி விமான நிலையம் போய்ச் சேர ஐந்தேகால் ஆகிவிட்டது. உங்களுக்குப் போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. மறுநாள் பாப்பாவுக்கு ஆபரேஷன், இதை எப்படிச் சொல்வது? விசாரணைக் கவுண்டரில் ஒரு பெண், பாப்பா வயது இருக்கும், காதில் ஒரு போனும் கையில் ஒரு போனுமாக இருந்தாள். வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். நான் வரிசையில் நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையை மீறினேன் மாப்பிள்ளை, எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"எம்மா, அந்த விமானம் விழுந்திருச்சாம்மா?"

"எது சார்? மெதுவா சொல்லுங்க."

எண்ணைச் சொன்னேன். அவள் திரையைப் பார்த்தாள். "விழலை சார். இறக்கியிருக்காங்க. உள்ள ஒரு பயணிக்கு உடம்பு முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. எண்ணெய் போட்டுக்கிட்டுத் திரும்பக் கிளம்பிடும்."

"யாருக்கு?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது சார்."

"என் வீட்டுக்காரி அதுல இருக்கா. முதல் தடவையா போறா. ஸ்வெட்டர்கூட எடுத்துக்கல."

"இருநூத்து எண்பது பேர் இருக்காங்க சார். உக்காருங்க. சேதி வந்தா நானே கூப்பிடறேன்."

உட்கார்ந்தேன். எதிரே பெரிய கடிகாரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக எனக்குக் கடிகாரத்தைப் பார்த்தால் மனசு அடங்கும். அன்றைக்குப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு ஏதாவது என்றால், நான் கடைசியாக அவளிடம் சொன்னது என்ன என்று யோசித்தேன். இருபத்தேழு நிமிஷம். அதற்கும் பிறகு? 'போ, போ.' மாப்பிள்ளை, தெருவில் போகிற வழிப்போக்கனிடம்கூட 'போயிட்டு வாங்க' என்று சொல்கிறோம். பால்காரரிடம் சொல்கிறேன். தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவரிடம் சொல்கிறேன். என் மனைவியிடம் வெறும் 'போ' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். விசில் ஊதாததுதான் குறை. எத்தனையோ ஆயிரம் வண்டிகளை அப்படிக் கையை ஆட்டி அனுப்பியிருக்கிறேன். ஒரு வண்டியும் என்னைத் திரும்பிப் பார்த்து எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாமா என்று கேட்டதில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, அந்தப் பெண் கவுண்டரை விட்டு எழுந்து வந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்தாள். குனிந்து, காதோடு காதாகச் சொன்னாள்: "பேரு, சீட்டு எதுவும் எனக்குத் தெரியாது சார். இறங்கினவர் ஒரு ஆம்பளைன்னு மட்டும் பேசிக்கிட்டாங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஆம்பளை என்றதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த மூச்சில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஆம்பளைக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கேயும் யாராவது ஒருத்தி மஞ்சள் விமானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் இங்கே சிரிக்கிறேன். அவர் பிழைக்கட்டும் என்று அங்கேயே கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். சத்தமாகவே வேண்டிக்கொண்டேன் போலிருக்கிறது, பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஆறு ஐம்பதுக்கு விமானம் மறுபடி கிளம்பிவிட்டது என்று அந்தப் பெண் தூரத்திலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். வரும்போது அவளிடம், "போயிட்டு வரேம்மா" என்று மறக்காமல் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைய ராத்திரியைப் பற்றி எழுதப் போவதில்லை. விடிந்ததும் உங்கள் செய்தி வந்தது: அத்தை வந்து சேர்ந்துவிட்டார்கள், மூன்று மணி ஐம்பது நிமிடம் தாமதம், பாப்பா அம்மாவைப் பார்த்ததும் அழுதுவிட்டு நன்றாகத் தூங்குகிறாள். சாயங்காலம், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று இன்னொரு செய்தி. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்த மனிதரைப் பற்றியும் நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் அத்தைக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாராம். அவரை இறக்கியபோது கூட இறங்கிய அவருடைய மனைவி குளிரில் வெடவெடவென்று நடுங்க, அத்தை தன் சால்வையைப் போர்த்திவிட்டு, ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடச் சொல்லி உங்கள் நம்பரையும் எழுதிக் கொடுத்தாளாம். எதில் எழுதிக் கொடுத்தாள் என்றும் சொன்னீர்கள். என் பதினாலு வரி அட்டவணையின் பின்பக்கத்தில். "நல்ல கெட்டித் தாள்" என்றாளாம். மூன்று நாள் கழித்து அந்த அம்மா உங்களைக் கூப்பிட்டு, அவர் எழுந்து உட்கார்ந்து பேசுகிறார் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

ஆனால் மாப்பிள்ளை, இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. உங்கள் அத்தை என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் போனை மேசைமேல் வைத்ததும் தூரத்திலிருந்து குரல் கேட்கிறது: "சாப்பிட்டாரான்னு கேளுங்க, மாப்பிள்ளை." நீங்கள் கேட்கிறீர்கள். நான் "சாப்பிட்டேன்னு சொல்லுங்க" என்கிறேன். "மாத்திரை?" "போட்டாச்சு." இருநூற்று எண்பது பேரை ஒரே விமானத்தில் கொண்டுபோய்விடுகிறார்கள், எங்கள் இரண்டு பேர் பேச்சுக்கு நடுவில் ஒரு ஆள் தேவைப்படுகிறது.

இங்கே வீடு நன்றாகத்தான் இருக்கிறது. போன வாரம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் ஒரு கால்சட்டையைக் கொண்டுவந்து, உயரம் குறைக்க வேண்டும், அம்மா எப்போது வருவார்கள் என்று கேட்டார். தேதியைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நானே செய்து தருகிறேன் என்று வாங்கி வைத்துவிட்டேன். அளப்பதில் என்ன இருக்கிறது? இது உருண்டைகூட இல்லையே என்று ஸ்கேல் வைத்து அளந்து, மெஷினில் உட்கார்ந்து மிதித்தேன். இடது கால் சரியாக வந்தது. வலது கால் நாலு விரல் உயர்ந்துவிட்டது. அதற்குச் சமமாக இடதைக் குறைத்தேன், அது கொஞ்சம் அதிகம் குறைந்தது. பிறகு வலதைக் குறைத்தேன். ஆசிரியர் வந்து விரித்து, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "என் பேரனுக்குப் போடலாம்" என்றார். பெரிய மனிதர். நேற்று சாலையில் எதிரே வந்தவர் என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஆகவே, மாப்பிள்ளை, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எனக்காக உங்கள் அத்தையிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். பாப்பா தூங்கும் நேரமாகப் பார்த்து, நீங்களாகவே பேச்சுவாக்கில் சொல்வதுபோல, "அன்னிக்கு ஏர்போர்ட்ல மாமாவுக்கு 'வா'ங்கிற வார்த்தை விட்டுப்போச்சாம், அத்தை, அதை நினைச்சு நினைச்சு மருகிட்டு இருக்கார்" என்று சொல்ல வேண்டும். மருகிக்கொண்டிருக்கிறார் என்பது வேண்டாம். வருத்தமாக இருக்கிறார் என்று சொல்லுங்கள். இல்லை, அதுவும் வேண்டாம். விட்டுப்போச்சாம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றது அவளுக்குப் புரியும். என்ன பதில் சொன்னாள், எப்படி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள் என்பதை மட்டும் எனக்குத் தனியாக எழுதவும்.

இன்னொன்று. நீங்களும் வந்துவிடுங்கள் மாமா, டிக்கெட் போடுகிறேன் என்று இரண்டு முறை சொன்னீர்கள். போன வருஷம் அத்தைக்கு விசா எடுத்தபோது எனக்கும் சேர்த்தே எடுத்து வைத்த உங்கள் நல்ல மனசு யாருக்கு வரும்? ஆனால் அது நடக்காத காரியம். முதலாவது, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டாவது, பன்னிரண்டரை மணி நேரம் மடக்கி வைக்க என் முழங்கால் ஒப்பாது. மூன்றாவது, பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மா போதும், நான் வந்தால் உங்களுக்குப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள். நாலாவது காரணம், பேசாத மனுஷியின் எதிரில் வந்து உட்கார எனக்குத் தைரியம் இல்லை. இதற்கு மேல் என்னை வற்புறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இது என் முடிவான முடிவு.

பாப்பாவை ஊன்றுகோல் இல்லாமல் நடக்க அவசரப்பட வேண்டாம் என்று சொல்லவும். உங்கள் வேலையும் உடம்பும் செழிக்கட்டும். உங்கள் வீட்டுப் படிகள் இனி யாரையும் தள்ளிவிடாமல் இருக்கட்டும். நீங்கள் இருவரும் நூறு வருஷம் ஒருவரோடு ஒருவர் நேராகவே பேசிக்கொண்டு வாழ மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்று வியாழக்கிழமை. தபால் நிலையத்தில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன், ஆகவே கையெழுத்து ஒரு மாதிரி இருக்கும். நேற்றுக் காலை போன் அடித்தது. எடுத்தால் உங்கள் அத்தை. அவளே, நேராக. "பெரிய பெட்டியை நான் எடுத்துட்டு வந்துட்டேன். சின்னது அலமாரி மேல இருக்கு. பூட்டு சாவி அதுக்குள்ளயே கிடக்கும்" என்றாள். நான் "சரி" என்றேன். வைத்துவிட்டாள். இதை எதற்குச் சொல்கிறாள், நான் பெட்டியைக் கேட்கவே இல்லையே என்று அரை மணி நேரம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் மாப்பிள்ளை, அரை மணி நேரம்! பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டிராவல்ஸுக்கு ஓடினேன். அவர் என்னைக் கண்டதும் கதவைப் பூட்டத்தான் எழுந்து வந்தார். டிக்கெட் வாங்க வந்திருக்கிறேன் என்று கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தியதும் திறந்துவிட்டார். திங்கட்கிழமை கிளம்பி அன்று மாலையே வருகிறேன். முழங்கால் மடங்கும். வீட்டைப் பூட்டினால் பூட்டிக்கொள்ளும்.

இந்தக் கடிதம் உங்களுக்கு எப்போது கிடைக்கும் என்று தபால்காரரைக் கேட்டேன். பதினாறு நாளிலிருந்து மூன்று வாரம் என்கிறார். நான் பன்னிரண்டரை மணி நேரத்தில் வருகிறேன். அப்படியானால் எதற்கு இதைப் போடுகிறீர்கள் என்று அவரே கேட்கிறார், முத்திரையைக் கையில் தூக்கிக்கொண்டு. நேரில் எனக்கு வாய் வராது என்பது எனக்குத் தெரியும், அதனால் இது பின்னாலேயே வரட்டும் என்று சொன்னேன்.

ஆக, நீங்கள் இதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்திருந்தால், நான் இப்போது உங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். நிமிர்ந்து பார்க்க வேண்டாம். நானும் உங்கள் அத்தையும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தால் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். அவள் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலுமாகப் பெட்டி, பூட்டு, மாத்திரை என்று பேசிக்கொண்டிருந்தால், ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோல எழுந்து கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மெதுவாக, அவள் கால் பத்திரம்.